கால் எட்டாத உயரத்தில் முதல் 2,000 கிலோமீட்டர்

என் உயரம் 165 சென்டிமீட்டர். கடந்த தை மாதம் நான் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டியின் இருக்கை தரையிலிருந்து 825 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பற்றித்தான் இந்தப் பதிவின் பெரும்பகுதி இருக்கும். இந்த வண்டியைப் பற்றி நான் படித்தவை, பார்த்தவை எல்லாம் லடாக்கின் கணவாய்களையும் ஆற்றைக் கடக்கும் காட்சிகளையும் பற்றியவை. கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து இந்த வண்டியை வெளியே எடுத்து, மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே மேடவாக்கம் சாலையில் நின்று நின்று ஓட்டி, பெட்ரோல் பங்க்கில் இறங்கி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்தப் பத்து வாரங்களில் ஓடோமீட்டர் 2,180 கிலோமீட்டரைக் காட்டுகிறது. அதில் முக்கால் பங்கு சென்னைக்குள்ளேயே ஓடியது.

பன்னிரண்டு ஆண்டுகளாக 150 சி.சி. வண்டி ஒன்றை ஓட்டிவந்தவன் நான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனைவியும் நானும் விடியற்காலையில் கிளம்பி மலை ஏறிவிட்டு மறுநாள் திரும்பும் பயணங்களில், இரண்டு பேரையும் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு மேடு ஏறும்போது அந்த வண்டி படும் பாடு எனக்குத் தெரியும். பெரிய வண்டி வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில் சொன்னது, 350 சி.சி.க்குள் பார் என்பதுதான். அதற்குக் காரணம் இருந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு வரி 18 விழுக்காடாக இறங்கியது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக ஏறியது. அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி 12 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீடு என்று கூட்டிப் பார்த்தால், கணக்குத் தெரிந்த எவரும் 450 சி.சி. வண்டியை வாங்கமாட்டார். டி.வி.எஸ். நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 அந்த எல்லைக்குள் வருகிறது. அதை ஓட்டிப் பார்த்தேன், மிகவும் பிடித்தது. நெடுஞ்சாலையே முதன்மை என்றால் அதையே வாங்கியிருப்பேன்.

என்னை மறுபக்கம் இழுத்தது முன்சக்கரம். அப்பாச்சிக்கு 19 அங்குலம், ஹிமாலயனுக்கு 21. சக்கரத்தின் விட்டம் கூடக் கூட, அது ஒரு பள்ளத்தில் இறங்கும் ஆழம் குறையும். பள்ளத்தின் எதிர் விளிம்பில் மோதும் கோணமும் தணியும். சிறிய சக்கரம் விழுந்து எழும் இடத்தைப் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடுகிறது. சாலை போடும்போதெல்லாம் பாதாளச் சாக்கடை மூடிகள் தரைமட்டத்துக்கு மேலோ கீழோ தங்கிவிடும் ஒரு நகரத்தில், கேபிள் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடிய குறுக்குப் பள்ளங்கள் தெருவுக்கு மூன்று இருக்கும் ஒரு நகரத்தில், அந்த இரண்டு அங்குலம் எனக்குப் பெரிதாகப் பட்டது. பெரிய சக்கரத்துக்கு விலையும் உண்டு. அது வண்டியை உயர்த்துகிறது, திருப்பத்தை மந்தமாக்குகிறது. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் முன்பணம் கட்டினேன். அது எவ்வளவு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வண்டியின் பெயர் இமயத்தைச் சொன்னாலும் ஊர் நம் ஊர்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய தொழில், பிறகு ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் பரவியது. மலைக்காகச் செய்த வண்டி கடல்மட்டத்தில் பிறக்கிறது என்பது எனக்கு ஏனோ மகிழ்ச்சியைத் தருகிறது. எடுத்த அன்றே பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோனோம். இந்த ஊரில் புது வண்டி வாங்கியவர் எந்த மதிப்புடைய வண்டியை வாங்கினாலும் முதலில் நிற்கும் இடம் அது. எனக்கு முன்னால் ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியும் பின்னால் ஒரு பெரிய காரும் நின்றன. பூசாரி மாலை போட்டு, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, “மெதுவா ஏத்துங்க” என்றார். இரண்டு பழங்களையும் நசுக்கி முன்னே நகர்ந்து நிறுத்தியபோது, என் இடது காலின் முன்பாதி மட்டும் தரையைத் தொட்டது. 196 கிலோ எடை என் பெருவிரல்களின் மேல் ஒரு கணம் சாய்ந்து மீண்டதை அங்கேதான் முதலில் உணர்ந்தேன்.

கால் எட்டாமை என்பது நிறையப் பேருக்கு வெட்கத்துக்குரிய விஷயமாக இருக்கிறது. அப்படி இருக்க வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோரின் உயரம் இதுதான். இரண்டு குதிகாலும் தரையில் படியும் வண்டியை மட்டுமே ஓட்ட வேண்டும் என்றால் இந்த வகை வண்டிகள் எதையும் நாம் தொட முடியாது. செய்ய வேண்டியது இரண்டு காலையும் ஊன்ற முயல்வதை விட்டுவிடுவது. வண்டி நிற்பதற்கு முந்தைய விநாடியில் இடுப்பை இருக்கையின் இடப்பக்கம் சற்றே நகர்த்தி, இடது காலை முழுவதுமாக ஊன்றி, வலது காலைப் பின்பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டால் வண்டி அசையாமல் நிற்கிறது. இரண்டு முன்பாதங்களால் தாங்குவதைவிட ஒரு முழுப்பாதத்தால் தாங்குவது எவ்வளவோ உறுதியானது.

இதில் எந்தக் குறிப்பிலும் நான் படிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும்படிதான் நம் சாலைகளைப் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே சிக்னலில் ஓரமாக ஒதுங்கி நின்றால், நாம் ஊன்றும் இடது காலுக்குக் கீழேதான் தரை மேலும் இரண்டு மூன்று விரல் இறங்கியிருக்கும். அந்த ஓரத்தில் மணலும் தேங்கியிருக்கும். கீழ்க்கட்டளை சந்திப்பில் மூன்றாவது நாள் இப்படித்தான் கால் வழுக்கி, வண்டியைப் பிடித்து நிறுத்த இடுப்பின் முழு வலுவும் தேவைப்பட்டது. அதன் பிறகு நிற்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறேன். நடைபாதை விளிம்பு இருந்தால் அதை ஒட்டி நின்று, காலை அதன் மேல் வைக்கிறேன். இல்லையென்றால் தடத்தின் நடுப்பகுதியிலேயே நின்றுவிடுகிறேன். பின்னால் வரும் ஆட்டோ ஒலி எழுப்பினாலும் நகர்வதில்லை.

தாழ்வான இருக்கை ஒன்றைத் தனியாக வாங்கலாம். அது உயரத்தை 805 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரும். வாங்கவில்லை. பஞ்சைக் குறைத்துத்தான் அந்த 20 மில்லிமீட்டரை எடுக்கிறார்கள். தொலைவில் போகும்போது முழங்கால் கூடுதலாக மடங்கும், அமர்வும் கடினமாகும். அதற்குப் பதிலாக இரண்டு காரியங்களைச் செய்தேன். முதலாவது, சற்றுத் தடித்த அடிப்பாகம் உடைய காலணி. இரண்டாவது, பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கியிருக்கும் அளவை, குறைத்தது. என் எடை 62 கிலோ. இந்த வண்டியின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் இயங்கக்கூடியது. நல்ல உடல்வாகுள்ள ஒருவர் ஏறி அமர்ந்தால் அது தேவையான அளவுக்கு அமுங்கும். எடை குறைந்தவர் அமர்ந்தால் அமுங்காது. குள்ளமானவர்களே பெரும்பாலும் எடை குறைந்தவர்களாகவும் இருப்பதால், அவர்களுக்கு இந்த வண்டி எண்ணில் காட்டுவதைவிட உயரமாகத் தெரிகிறது. பிரீலோடைக் குறைத்ததும் வண்டி சில மில்லிமீட்டர் தாழ்ந்தது மட்டுமல்ல, சிறு பள்ளங்களில் பின்சக்கரம் தட்டுவதும் நின்றது. கையேட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இந்தத் திருத்தம்தான் இதுவரை நான் செய்தவற்றில் ஆகப் பெரிய பயனைத் தந்தது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே ஒருமுறை விழுந்துவிட்டேன். பதினோராவது நாள் இரவு, எங்கள் கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் ஏறி வலப்புறம் திரும்பும்போது எதிரே ஒரு குழந்தை சைக்கிளில் வந்தது. ஹேண்டிலைத் திருப்பிய நிலையிலேயே முன்பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது, காலை ஊன்றப் போனேன், சரிவில் தரை அங்கே இல்லை. மெல்ல, மிக மெல்ல, வண்டி வலப்பக்கம் படுத்தது. கிராஷ் கார்டில் ஒரு கோடு, என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். காவலாளி ஓடிவந்து, “சார், மொதல்ல நீங்க எந்திரிங்க, வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர அப்போது வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே கற்றுவைத்திருந்தேன். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையின் விளிம்பில் இடுப்பின் கீழ்ப்பகுதியை வைத்து, ஒரு கையால் தரையின் பக்கம் முழுவதுமாகத் திருப்பிய ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கித் தள்ளி எழ வேண்டும். தொடைகள் செய்ய வேண்டிய வேலையை முதுகிடம் கொடுத்தால் அடுத்த ஒரு மாதம் படுக்கைதான். நான் ஒருவனாகவே தூக்கினேன். காவலாளி மறுபக்கம் நின்று, வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். இந்த எடையுள்ள வண்டியை வாங்க நினைப்பவர்கள், வாங்கும் முன்பே ஒருமுறை இதைப் பழகிப் பார்ப்பது நல்லது.

அந்த விழுகைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய வெற்றிடம் ஒன்றில் அரைமணி நேரம் நடை வேகத்தில் பழகத் தொடங்கினேன். திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடக்கூடாது. கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இழுவையில் வைத்திருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. இந்த வண்டியின் கிளட்ச் ஸ்லிப் அசிஸ்ட் வகையைச் சேர்ந்தது. இன்ஜினின் இழுவையே தட்டுகளை இறுக்க உதவுவதால், மென்மையான ஸ்பிரிங்குகள் போதும். இடது கைக்கு வலி இல்லை. பழைய வண்டியைவிட மூன்று மடங்கு இழுவிசை கொண்ட ஒன்றை அதைவிட லேசான கிளட்சோடு ஓட்டுவது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பெட்ரோல் டாங்க் 17 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் கிட்டத்தட்ட பன்னிரண்டரை கிலோ எடை வண்டியின் ஆக உயரமான இடத்தில் போய் உட்காருகிறது. நகரத்துக்குள் ஓட்டும் வாரங்களில் பாதி டாங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். திருப்பங்களில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

முதல் 500 கிலோமீட்டர் பொறுமையைக் கேட்டது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் போகக்கூடாது என்று எனக்கு நானே ஓர் எல்லை வைத்துக்கொண்டேன். புது இன்ஜினில் சிலிண்டர் சுவரின் மேல் கண்ணுக்குத் தெரியாத குறுக்குக் கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் வளையங்கள் அந்தக் கீறல்களின் முனைகளை உரசித் தேய்த்துத் தங்களுக்கு ஏற்ற படிவத்தை உண்டாக்கிக்கொள்ளும் காலம் இது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டினாலும் கெடுதல், மிக அதிகமாக முறுக்கினாலும் கெடுதல். ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். அந்த வகையில் சென்னையின் நெரிசல் ஒரு புது வண்டிக்கு ஏற்ற பள்ளிக்கூடம். முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றும்போது அருகில் நின்று பார்த்தேன். வடித்த ஆயிலில் வெயில் பட்டபோது மெல்லிய வெள்ளிப் பொடி மினுங்கியது. உரசிக் கழிந்த உலோகம் அது. முதல் ஆயில் மாற்றத்தை ஏன் தள்ளிப்போடக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

இந்த 452 சி.சி. இன்ஜின் 2016-இல் வந்த பழைய 411 சி.சி. ஹிமாலயனின் தொடர்ச்சி அன்று. முற்றிலும் வேறு பிறவி. பழையது காற்றாலும் ஆயிலாலும் குளிர்ந்தது, ஐந்து கியர், 24 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல். புதியது நீரால் குளிர்வது, ஆறு கியர், 8,000 சுற்றில் 40 குதிரைத்திறன் (பி.எஸ்.), 5,500 சுற்றில் 40 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பழைய வண்டியை ஓட்டிய நண்பர்கள் இதில் ஏறியதும் மூன்றாவது கியரில் ஊர்ந்து பார்த்துவிட்டு, கீழே இழுவை போதவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கையாளும் முறைதான் மாற வேண்டும். வேளச்சேரி மேம்பாலத்தின் கீழே ஊரும்போது இரண்டாவது கியரிலேயே இருந்தால் வண்டி திணறாமல் ஓடுகிறது. 4,000 சுற்றைக் கடந்தபின் வரும் இழுவை, முன்னால் போகும் மாநகரப் பேருந்தைக் கடக்க மனத்தில் கணக்குப் போட வேண்டிய தேவையை நீக்கிவிட்டது. நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு 80 கிலோமீட்டர்தான் எல்லை. அந்த வேகத்தில் இந்த இன்ஜின் வேலை செய்வதாகவே தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த வண்டியின் உயிர் சஸ்பென்ஷனில் இருக்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் நெறிமுறைப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வளைவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவிலிருந்து பிரதான சாலைக்கு வருவதற்குள் நான் கடக்கும் ஐந்து வேகத்தடைகளில் ஒன்றுகூட அப்படி இல்லை. இரண்டு சுவர்போல் எழுந்து நிற்கின்றன; ஒன்று தெருக்காரர்களே சிமெண்டில் போட்டது. பழைய வண்டியில் ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு நேரான அடி. இதில் ஷோவா நிறுவனத்தின் 43 மில்லிமீட்டர் முன் ஃபோர்க் அந்த அடியை விழுங்கிவிடுகிறது. ஹேண்டிலில் ஒரு சிறு அசைவு மட்டும் வருகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் சாலைகளில் இரும்புத் தகடுகளின் விளிம்புகளும், பெயர்ந்து வரும் ஜல்லியும், தடுப்பை ஒட்டி ஓடும் குறுகலான மண் தடமும் அலுவலகம் போகும் வழியிலேயே இருக்கின்றன. 230 மில்லிமீட்டர் தரை இடைவெளி எதற்கு என்று என்னைக் கேட்ட உறவினர் ஒருவரை, பின்னால் உட்கார வைத்து மடிப்பாக்கம் வழியாக ஒரு சுற்றுக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

இந்த முதல் வாரங்களில் என் மனைவியின் கருத்து என்னுடையதைவிட முக்கியமானது. பின் இருக்கை இன்னும் உயரம். ஏறுவதற்கு அவர் இடது காலைப் பின் மிதியில் வைத்து, என் தோளைப் பிடித்து எழ வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய எடை முழுவதும் இடப்பக்கம் விழுகிறது, நானோ ஒரு காலில் நிற்கிறேன். முதல் இரண்டு நாள் இருவருக்குமே பயம்தான். பிறகு ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டோம். நடைபாதை விளிம்பை ஒட்டி வண்டியை நிறுத்தி, என் கால் அதன் மேல் உறுதியாக ஊன்றியபின் நான் “சரி” என்பேன். அவர் நடைபாதையிலிருந்தே ஏறுவார். “உட்கார்ந்துட்டேங்க” என்று அவர் சொல்லும்வரை நான் கியரைத் தொடமாட்டேன். இறங்கும்போதும் அதே ஒழுங்குதான். சேலை கட்டினால் இந்த வண்டியில் ஏற முடியாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார், அது உண்மை. ஆனால் ஏறி அமர்ந்தபின் பழைய வண்டியில் அரை மணியில் வரும் முதுகுவலி இதில் இரண்டு மணி நேரமானாலும் வரவில்லை என்பதையும் அவரே சொன்னார். இருவராகப் போகும்போது பிரீலோடைத் திரும்பவும் ஏற்றிவிடுகிறேன். இல்லையென்றால் பின்பகுதி அமுங்கி, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது.

மாசி மாதம் இரண்டாம் வாரத்தில் ஜவ்வாது மலைக்குப் போனோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர் என்று வாணியம்பாடி வரை ஒரே ஓட்டம். அங்கே இடப்புறம் பிரிந்து ஆலங்காயம் போய், அதற்கு மேல் காவலூருக்கு ஏறும் மலைப்பாதை. 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரியும் பாதை அது. ஏற்றத்தின் வளைவுகளில் 21 அங்குலச் சக்கரத்தின் மந்தத்தை உணர்ந்தேன். வளைவுக்குள் நுழைய அது சற்று அவகாசம் கேட்கிறது. முன்கூட்டியே பார்வையை வளைவின் முடிவில் வைத்து, கைப்பிடியை மெல்ல அழுத்தினால் அமைதியாகத் திரும்புகிறது. இருவர், இரண்டு பைகள், மூன்றாவது கியர், எந்தத் திணறலும் இல்லை. நான் இந்த வண்டியை வாங்கியது எதற்காகவோ அது அந்த அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது. என் மனைவி தோளைத் தட்டி, “நிறுத்த வேண்டாம், இப்படியே போங்க” என்றார்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், தார் முடிந்து செம்மண்ணும் சரளையுமாக இருந்த ஒரு கிளைப்பாதையில் அவரை இறக்கிவிட்டு நான் மட்டும் சிறிது தூரம் போய் வந்தேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி இந்த வண்டியில் உண்டு. அதன் பொருள் அங்கேதான் புரிந்தது. தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்வது ஆபத்து. தளர்ந்த மண்ணிலோ, பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு அந்தக் குவியலாலேயே நிற்கிறது. ஏ.பி.எஸ். அந்தக் குவியலை உண்டாகவிடாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பதால், இறக்கத்தில் நிற்கும் தூரம் கூடுகிறது. நின்றபடி ஓட்டினால் என் உயரம் ஒரு பொருட்டே இல்லை என்பதும் அங்கே தெரிந்தது. மிதிகளின் மேல் எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொண்டபோது, நகரத்தில் என்னைப் பயமுறுத்திய எடை எங்கோ காலுக்குக் கீழே போய்விட்டது.

திரும்பும் வழியில் போளூர், ஆரணி, செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் வந்தோம். செய்யாறு தாண்டி ஓர் ஆணி பின்சக்கரத்தில் ஏறியது. நான் எடுத்தது டியூப்லெஸ் கம்பிச் சக்கரம் கொண்ட வகை. இது 2023-இல் வண்டி வந்தபோது இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்தது. சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போவதால் காற்று நிற்காது, உள்ளே டியூப் வேண்டும். ஆணி குத்தினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். இதில் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, கையோடு வைத்திருந்த சிறிய காற்றடிக்கும் கருவியால் காற்றை நிரப்பிக் கிளம்பக் கால்மணி நேரம் ஆனது. இந்த வகைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை அந்தப் புளியமரத்தடியிலேயே மறந்துவிட்டேன்.

எரிபொருள் கணக்கை டாங்க் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துத்தான் பார்க்கிறேன். நகரத்துக்குள் லிட்டருக்கு 27, மலைப்பயணத்தில் 31. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபின் மாலை நெரிசலில் ரேடியேட்டர் விசிறி அடிக்கடி ஓடுகிறது, அதன் வெப்பக் காற்று முழங்கால் பக்கம் வருகிறது. நீரால் குளிரும் எந்த இன்ஜினும் தன் வெப்பத்தை எங்காவது வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். கனமான பருத்திக் கால்சட்டை போட்டால் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. கத்திரி வெயிலில் எப்படி என்பதை வைகாசியில் எழுதுகிறேன்.

மனம் வருந்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு துணைக்கருவிக் கடையில் சென்டர் ஸ்டாண்டும் கிராஷ் கார்டும் பொருத்தக் கொடுத்தேன். மறுநாள் நானே ஸ்பானரோடு உட்கார்ந்து சோதித்தபோது, கார்டின் போல்ட்டுகளில் ஒன்று கையாலேயே சுழன்றது. இன்னொன்றை மரை தேயும் அளவுக்கு இறுக்கியிருந்தார்கள். விழும்போது இன்ஜினையும் காலையும் காக்க வேண்டிய கம்பி அது. போய்ச் சொன்னபோது கடைக்காரர் அமைதியாகப் புது போல்ட்டைக் கொடுத்தார். ஆனால் அவ்வளவு பணம் வாங்கும் இடத்தில், போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரென்ச் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டார்க் ரென்ச் ஒன்றை நானே வாங்கிவிட்டேன். செயினைக் கழுவி ஆயில் விடுவதும், ஒவ்வொரு மாதமும் முக்கியமான போல்ட்டுகளைச் சரிபார்ப்பதும் இப்போது வீட்டிலேயே நடக்கிறது. கடற்கரைச் சாலையில் போய்விட்டு வந்த மறுநாள், காற்றில் பறந்து வந்த மணல் செயினில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் சென்டர் ஸ்டாண்டின் அருமை தெரியும். சக்கரத்தைச் சுழற்றாமல் அதைத் துடைக்க வழியில்லை.

இன்னும் எனக்கு வசப்படாத ஒன்று, இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பி ஒரே மூச்சில் வட்டமடிப்பது. வலப்பக்கம் வந்துவிட்டது. இடப்பக்கம் திரும்பும்போது கை கிளட்சிலேயே இருப்பதால் பார்வை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. பார்வை இறங்கிய இடத்தில் கால் தரையைத் தேடுகிறது. போன ஞாயிறு இரண்டு செங்கற்களை ஆறு மீட்டர் இடைவெளியில் வைத்து முப்பது முறை சுற்றினேன். பதினொன்று சரியாக வந்தன. வரும் ஞாயிறும் அதே செங்கற்களோடு போகிறேன்.